பட்டியலில் ரெபேக்காள்

சங்கரன்கோவில்,
24.11.2025

கர்த்தருக்குள் அன்பான ரெபேக்காளுக்கு, உன் வீட்டுக்காரன் ஜெபசுந்தர் எழுதுவது.

இங்கே நான் சுகம். மழைக்கு முழங்கால் வலி மட்டும் எட்டிப் பார்க்கிறது. அங்கே நீயும் நம் மகள் ஜாய்லினும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் துண்டித்ததே, சிக்னல் போய்விட்டது என்று மெசேஜ் கூடப் போட்டேனே, அது பொய். கோபத்தில் நான்தான் வைத்தேன். போனில் பேசினால் மறுபடியும் வைத்துவிடுவேன் என்பதால் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் கடிதம் எழுதிப் பத்து வருஷம் இருக்கும். என் கையெழுத்து கோணல்மாணலாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

நீ கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. பிப்ரவரியில் அயர்லாந்துக் குடியுரிமைப் பிரமாணம் எடுக்க உனக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதை எடுத்தால்தான் மார்ச் மாதம் உன் கட்சிக்காரர்கள் பாராளுமன்றத் தேர்தலுக்கு உன் பெயரைச் சொல்ல முடியும். எடுத்துவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். “நீங்க சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன், வேண்டாம்னா விட்டுருதேன்” என்றாய். பதினைந்து வருஷமாக எல்லாவற்றையும் நீயே முடிவு பண்ணிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் கொண்டுவந்து என் தலையில் வைக்கிறாயே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யோசித்துப் பார்த்தால் மரியாதைக்குத்தான் கேட்டிருக்கிறாய். ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை.

கவுன்சிலராக நின்றபோது என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் குடியுரிமை எதுவும் வேண்டாம், அந்த ஊரில் குடியிருந்தால் போதும், ஐந்து வருஷம் முடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றாய். நான் நாட்காட்டியில் கோடு போடாத குறைதான். 2029-க்கு இன்னும் மூன்றரை வருஷம் என்று மனசுக்குள் கணக்கு வைத்திருந்தேன். அதற்குள் பாராளுமன்றம் என்கிறாய்.

இது இருக்கட்டும், கடை விஷயத்துக்கு வருகிறேன். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவனைக் கேட்க வேண்டுமா? காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்பே பத்துப் பேர் நிற்கிறார்கள். 2002-ஆம் வருஷப் பட்டியலில் தன் பெயரோ, தாய் தகப்பன் பெயரோ எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுக்க வேண்டும், படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும், பிரதி எடுக்க வேண்டும். இந்த மூன்று வாரத்தில் ஐந்நூறு பேருக்காவது எழுதிக் கொடுத்திருப்பேன். டீக்கடை தங்கப்பழம் அண்ணாச்சி, “வே, தேர்தல் கமிஷன்ல உமக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுதேன்” என்று கேலி பண்ணுகிறார்.

நேற்று மைமூனம்மாள் என்று ஒரு அம்மா வந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில், தம்மாமில் வேலை. அவருடைய படிவத்தில் தான் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார்கள். தற்காலிகமாக வெளியூர் போயிருந்தால் வீட்டு ஆள் போடலாம் என்றேன். “இருபத்திரண்டு வருசமா தற்காலிகமாத்தான் இருக்காஹ அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

ஏனென்றால் உன் படிவமும் நம் வீட்டில்தான் கிடக்கிறது. நம் தெருவுக்கு அங்கன்வாடி இசக்கிசெல்விதான் பட்டியல் அலுவலர். நம் வீட்டுக்கு இரண்டு படிவம் கொண்டுவந்தாள். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. உன் படிவத்தில் அச்சடித்திருக்கும் போட்டோ 2006-ல் எடுத்தது. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஜாய்லினை வயிற்றில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்றாயே, அது. மூச்சு வாங்குகிற முகம். என் படிவத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். உன்னுடையதைக் கேட்டு இசக்கிசெல்வி மூன்று தடவை வந்துவிட்டாள். “அண்ணாச்சி, மதினி வருவாங்களா மாட்டாங்களா, ஒண்ணச் சொல்லுங்க. வருவாங்கன்னா நீங்க கையெழுத்துப் போடுங்க. வரமாட்டாங்கன்னா நிரந்தரமா இடம்பெயர்ந்தவர்னு நான் குறிச்சுக்கிடுதேன்” என்கிறாள். அவள் மேல் தப்பில்லை, அவள் வேலை அது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற எனக்கு இந்த ஒரு படிவம் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. டி.வி. மேல் வைத்திருக்கிறேன்.

உன்னைப் பற்றிப் பெருமை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. வாசுதேவநல்லூர் வாத்தியார் மகள், பெண் பார்க்க வந்தவனிடம் உங்கள் மெஷின் நிமிஷத்துக்கு எத்தனை காப்பி எடுக்கும் என்று கேட்டவள், முதியோர் இல்லத்தில் நர்ஸாகப் போய்ப் பாலிமோரன் ஊருக்கே கவுன்சிலரானது சின்னக் காரியமா? எல்லாம் அந்த பஸ்ஸில் தொடங்கியது. இல்லத்து வாசலுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை எட்டு மணியோடு நிறுத்திவிட்டார்கள், டியூட்டி முடிந்து மழையில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறோம் என்று போனில் அழுதாய். நம் பக்கம் என்றால் ரோட்டில் உட்கார்ந்து மறித்திருப்போம். நீ ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய்.

அதுவும் எப்படிப் போனாய்? உன் அம்மா சபைப் பெண்களோடு வியாழக்கிழமை வீடு சந்திப்புக்குப் போவார்களே, அதே மாதிரி. கதவைத் திறந்ததும் வந்த காரியத்தைச் சொல்லக்கூடாது. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றது. அந்த ஊரில் அப்படி யாரும் கேட்டதில்லையாம். நர்ஸம்மா வந்திருக்கிறாள் என்று தங்கள் அப்பாவின் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார்களாம். இரண்டாயிரம் கையெழுத்து சேர்ந்தது, பஸ் திரும்ப வந்தது, கட்சிக்காரர்கள் உன் வீட்டைத் தேடி வந்தார்கள். இதை நான் தங்கப்பழம் அண்ணாச்சிக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பேன்.

இந்தக் கடிதத்தில் என்னிடம் பதில் எதிர்பார்க்காதே. கொஞ்ச நாள் கொடு. குளிருக்கு உள்ளே ஒரு ஸ்வெட்டர் சேர்த்துப் போடு. ஜாய்லின் படிப்பில் கவனமாக இருக்கட்டும். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெபசுந்தர்

&nbsp;

சங்கரன்கோவில்,
20.12.2025

பிரியமுள்ள ரெபேக்காளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கையால் எழுதி, கவரில் போட்டு அனுப்புவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தபால்காரர் மருதப்பன் கடைக்கே கொண்டுவந்து, “மெம்பரம்மா கடுதாசி” என்று நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லிக் கொடுத்தார். அவசரப்படுத்தவில்லை, ஆனால் கட்சிக்கு ஜனவரி பாதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். சரி, சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

உன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு இசக்கிசெல்வி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். பாவம், காலெல்லாம் சேறு. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்து விறுவிறுவென்று நிரப்பினேன். கணவர் பெயர் ஜெபசுந்தர். கையெழுத்துப் போடுகிறவரின் உறவு, கணவர். எங்கே இருக்கிறார் என்று இசக்கிசெல்வி கேட்டதற்குத் தற்காலிகமாக வெளியே போயிருக்கிறார் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க சொல்லுதீங்க, நான் வாங்கிக்கிடுதேன்” என்று பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தகவல் பொய்யானால் தண்டனை உண்டு என்று அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. அதை ஐந்நூறு பேருக்கு விரலால் தொட்டுக் காட்டியவன் நான்.

நேற்று வரைவுப் பட்டியல் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். கடையை இழுத்து மூடிவிட்டுப் போய்ப் பார்த்தேன். நம் தெருவில் எத்தனையோ பெயர் போயிருக்கிறது. நம் வீட்டு எண்ணில் வரிசை எண் 411 நான். அடுத்தது 412, ரெபேக்காள், கணவர் ஜெபசுந்தர், பெண். சிரிக்காதே, அதை மூன்று தரம் வாசித்தேன். இந்த வீட்டில் சட்டப்படி இரண்டு பேர் இருக்கிறோம் என்று அரசாங்கமே சொல்கிறது. அந்தச் சந்தோஷத்தில் வரும் வழியில் கால் கிலோ அல்வா வாங்கினேன். ஒருவனாக உட்கார்ந்து எவ்வளவு சாப்பிட முடியும், பாதியைத் தங்கப்பழம் அண்ணாச்சிக்குக் கொடுத்தேன்.

பட்டியல், ஓட்டு என்றாலே உன் கவுன்சில் தேர்தல் ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தக் கூத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய். நம் ஊரில் காலையில் எண்ண ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் மாலை போட்டுவிடுவார்கள். ஆறு இடத்துக்குப் பதின்மூன்று பேர் நின்றீர்கள். முதல் எண்ணிக்கையில் நீ எட்டாவது என்று ஜாய்லின் மெசேஜ் போட்டதும், முடிந்தது, தோற்றுவிட்டாய் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் ஆராதனைக்குப் போய்ச் சபைப் பொருளாளர் பவுல்பாண்டியனிடம் சொல்ல, அவர் போதகர் ஐயரிடம் சொல்ல, உனக்காக எல்லாரும் எழுந்து நின்று ஆறுதல் ஜெபமே பண்ணிவிட்டார்கள். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். உனக்கும் நான், தோற்றால் என்ன, மனசை விடாதே, கிளம்பி ஊருக்கு வா என்று நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன்.

உங்கள் ஊரில் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போடுவதில்லை, ஒன்று, இரண்டு, மூன்று என்று பிடித்த வரிசையில் எண் போடுவார்கள், கடைசியில் இருப்பவரைத் தள்ளிவிட்டு அவருடைய சீட்டையெல்லாம் அடுத்த எண் வாங்கினவருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது? தள்ளப்பட்டவர்களின் சீட்டிலெல்லாம் இரண்டாவது பெயராக நீ இருந்திருக்கிறாய். திங்கட்கிழமை பதினோராவது எண்ணிக்கையில் ஜெயித்துவிட்டாய் என்று போன் வந்தபோது நான் கடையில் ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திர ஜெபம். பவுல்பாண்டியன், “ஏ ஜெபசுந்தரு, இனிமே முழுசா விசாரிச்சிட்டுச் சொல்லும்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இன்றைக்கும் சொல்லுகிறார்.

இப்போது என் பதில். நான்கு நாளாக எழுதிக் கிழித்து, இதைத்தான் மிச்சம் வைத்திருக்கிறேன்.

வேண்டாம் ரெபேக்கா. பிரமாணம் எடுக்காதே. பாராளுமன்றத்தில் பேச அந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். இந்த வீட்டில் பேச ஒருவரும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டியிருக்கிறேன், கீழே நின்று கோணலாக இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாமல் அது கோணலாகவே தொங்குகிறது. அரிசி ஒரு ஆழாக்குப் போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நீ மூன்று வாரம் வருகிறாய். முதல் வாரம் விருந்தாளி மாதிரி, இரண்டாம் வாரம் என் பெண்டாட்டி மாதிரி, மூன்றாம் வாரம் பெட்டி கட்டுகிற ஆள் மாதிரி. எனக்கு ஐம்பது முடிந்துவிட்டது. நீ வேண்டும். இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன் ஊருக்கு வந்துவிடு.

ஜாய்லின் அங்கேயே படிக்கட்டும், அவள் வாழ்க்கை அவளுக்கு. நீ வந்துவிடு. கர்த்தர் உனக்கு நல்ல மனசைத் தருவாராக. இருவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உன்
ஜெபசுந்தர்

&nbsp;

சங்கரன்கோவில்,
11.1.2026

என் அன்பு ரெபேக்காளுக்கு,

என் கடிதம் கிடைத்ததும் நீ போனில் ஒரே வார்த்தைதான் சொன்னாய். “சரிங்க.” அவ்வளவுதான். சண்டை போடுவாய் என்று நான் எத்தனையோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். பொங்கலுக்குப் பிறகு கட்சி ஆபீஸுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாய். அதற்கப்புறம் இங்கே மழை உண்டா, மல்லிகைப்பூ என்ன விலை என்று கேட்டாய். உன் குரல் டியூட்டியில் நோயாளியிடம் பேசுகிற குரல் மாதிரி இருந்தது. கேட்டது கிடைத்த மனுஷனுக்கு இனிக்க வேண்டும். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஜாய்லின் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். உனக்குத் தெரியாமல்தான் அனுப்பினாள், அவளைத் திட்டாதே. போன அக்டோபரில் எடுத்ததாம். ஊர் நூலகத்தை மூடக்கூடாது என்று நீ ஆட்களைக் கூட்டியிருந்தாயே, அந்த ஹால். நீ எழுந்து பேசுகிறாய். பின்வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்று ஏதோ கத்துகிறான். எனக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடவில்லை. ஜாய்லினிடம் கேட்டேன். “உன் ஊருக்குப் போன்னு சொல்லுதான்ப்பா” என்றாள்.

இதையெல்லாம் நீ என்னிடம் சொன்னதே இல்லை. போன வருஷம் அங்கே நம்மவர்களை வழியில் மறித்து அடிக்கிறார்கள் என்று செய்தியில் வந்தபோது கேட்டேன், எங்கள் ஊரில் அதெல்லாம் இல்லை என்றுவிட்டாய். உன் காரில் முட்டை எறிந்ததையும் இப்போதுதான் ஜாய்லின் சொல்கிறாள்.

வீடியோவில் நீ என்ன செய்தாய் என்று நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் கை மேஜையைப் பிடிக்கிறது. முகம் மாறுகிறது, எனக்கு அந்த முகம் தெரியும். பிறகு அந்த ஆளிடம் அவன் அம்மாவின் பெயரைச் சொல்லி, இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடக்கிறார்களா என்று கேட்டாயாம். அந்த அம்மாவை ஆறு வாரம் குளிப்பாட்டினவள் நீதானாம். அவன், நடக்கிறார்கள் என்றான், உட்கார்ந்துவிட்டான். நீ விட்ட இடத்திலிருந்து நூலகத்தைப் பற்றிப் பேசினாய். அந்த நூலகம் மூடவில்லையாமே.

பார்த்துவிட்டு நான் எழுதிய கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். உன் ஊருக்கு வந்துவிடு என்று எழுதினேன். அவன் வெறுப்பில் சொன்னான், நான் ஆசையில் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் சொன்னதற்கு நீ நிமிர்ந்து நின்றாய். நான் சொன்னதற்குச் சரிங்க என்றாய். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது ரெபேக்கா.

வெட்கப்படுகிற இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமை நீ தோற்றுவிட்டாய் என்று நினைத்தபோது எனக்குத் துக்கமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. சபை எழுந்து நின்று ஆறுதல் ஜெபம் பண்ணியபோது நான் கண்ணை மூடிக்கொண்டு உள் அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்து போகும் வழியிலேயே வெள்ளையடிக்க ஆள் சொன்னேன். திங்கட்கிழமை அவர்கள் வாளியோடு வீட்டுச் சாவி கேட்டுக் கடைக்கு வந்து நிற்கிறார்கள், நீ ஜெயித்துவிட்டாய் என்று போன் வருகிறது.

இன்னொன்று. 2014-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் நான் அங்கிருந்து ஓடி வந்தேனே, அப்பாவுக்காக மட்டும் வரவில்லை. பார்த்துக்கொள்ள இங்கே தம்பி தாவீது இருந்தான். உனக்கும் அது தெரிந்திருக்கும், நீ கேட்டதில்லை. அங்கே உன்னோடு இருந்த இரண்டு வருஷமும் சூப்பர் மார்க்கெட்டில் பால் பாட்டில் அடுக்கினேன். அந்த வேலைகூடப் பரவாயில்லை. உன் முதியோர் இல்லத்து விருந்தில் ஒருவர் என்னைக் காட்டி, அங்கே உன்னைக் கூப்பிடுகிற பெயரில், இவர் பெக்கியின் புருஷன் என்றார். எதிரே இருந்தவர் கை கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை. இங்கே நான் தெருவில் இறங்கினால் பத்துப் பேர் ஜெராக்ஸ் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பாட்டை விட்டு இருக்க முடியாமல்தான் வந்தேன். அப்பாவைச் சாக்கு வைத்தேன். அப்பா 2018-ல் போய்விட்டார். நான் அந்தச் சாக்கை இன்னும் விடவில்லை.

அப்பா அடக்கம் முடிந்த வாரம் நீ என்னைப் பார்த்து, “இனிமே அங்கன வாங்களேன்” என்றாய். நான், நீ இங்கே வா என்றேன். இன்னொரு தடவை கேட்டாய், அதே பதில் சொன்னேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. இத்தனை வருஷமாக நீ வரவில்லை வரவில்லை என்று ஊரெல்லாம் குறைபட்டுக்கொண்டு திரிகிறேன். என்னை நீ கூப்பிட்டதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நேற்று இசக்கிசெல்வியைப் போய்ப் பார்த்தேன். பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டுமானால் ஏழாம் எண் படிவம் கொடுக்க வேண்டும். அதே ஊரில் ஓட்டு உள்ளவர்தான் கொடுக்க முடியும். “அண்ணாச்சி, போன மாசந்தான் நீங்களே கையெழுத்துப் போட்டுச் சேத்தீங்க, இப்போ நீங்களே எடுக்கச் சொல்லுதீங்க, நல்லா யோசிச்சுக்கிடுங்க” என்றாள். யோசித்துவிட்டேன் என்றேன். அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். ஆட்சேபம் செய்கிறவர், ஜெபசுந்தர். யார் பெயரை நீக்க வேண்டும், ரெபேக்காள். காரணத்துக்கு வரிசையாகக் கட்டம் போட்டிருந்தார்கள். இறந்தவர் என்பதைத் தாண்டி, நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கோடு கட்டத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். இனி இந்த வீட்டு எண்ணில் நான் ஒருவன்தான்.

ஆகையால் கட்சி ஆபீஸுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லாதே. தபால் பிந்திவிடும் என்று இந்தத் தாள்களைப் படம் எடுத்து இன்றைக்கே உன் போனுக்கும் அனுப்புகிறேன். போய்ச் சரி என்று சொல். பிப்ரவரியில் பிரமாணம் எடு. மார்ச்சில் உன் பெயரைச் சொல்லட்டும். அந்த ஊர்க்காரர்கள் உன்னை அவர்களுடைய ஆளாக எடுத்துக்கொண்டார்கள் என்றால் அது அவர்கள் பாக்கியம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுவாய், எனக்குத் தெரியும். அழுதுகொள். நீ ஜெயிக்க வேண்டும் என்று இந்தத் தடவை நிஜமாகவே ஜெபிக்கிறேன். எட்டாவது என்று யாராவது சொன்னாலும் கடைசி எண்ணிக்கை வரை பவுல்பாண்டியனிடம் வாய் திறக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. தேர்தல் சமயத்தில் வீடு வீடாகப் போக உனக்கு ஆள் போதாது என்று ஜாய்லின் சொன்னாள். விளக்குக் கம்பத்தில் தட்டி கட்டவும், முடிந்த பிறகு ஏழு நாளைக்குள் அவிழ்க்கவும்கூட ஆள் தேட வேண்டுமாம். ஏணி ஏறுவதற்கு என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஆனால் ஏணியைப் பிடிப்பேன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்கிற அளவுக்குக் கற்றுக்கொள்வேன். பெக்கியின் புருஷன் என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று சொல்லிக் கை கொடுப்பேன். கடையைத் தாவீது பார்த்துக்கொள்வான்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று நேற்று கம்ப்யூட்டரில் பார்த்தேன். எல்லாத் தாளையும் நானே பிரதி எடுத்து, வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டேன். ஒரு தாள் மட்டும் என் கடையில் எடுக்க முடியாது. அங்கே இருக்கிறவர் இன்னாரை வரச் சொல்கிறேன் என்று தன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கும் கடிதம் வேண்டுமாம்.

நீ என்னைக் கடைசியாக வாங்க என்று கூப்பிட்டு ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னொரு தடவை கூப்பிடுவாயா? ஒரு வரி போதும், ரெபேக்கா. எழுதி அனுப்பு.

கர்த்தர் உன் கையின் வேலையை வாய்க்கப்பண்ணுவாராக.

உன் தபாலைப் பார்த்திருக்கும்,
ஜெபசுந்தர்